எம்1ஏ வாங்குவதா, ஃபால் வாங்குவதா?

7.62×51 நேட்டோ தோட்டாவைச் சுடும் பழைய ராணுவ ரைஃபிள் ஒன்று வேண்டும், ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறேன் என்று அமெரிக்காவில் ஒருவர் கிளம்பினால், பேச்சு கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும். ஒன்று எம்1ஏ. அமெரிக்க ராணுவத்தின் எம்14 ரைஃபிளைப் பொதுமக்களுக்காகச் செய்த வடிவம். இன்னொன்று பெல்ஜியத்தில் பிறந்த ஃபால். ஜெர்மனியின் ஜி3 வகையை இங்கே எடுக்கவில்லை. அதன் உள்வேலையே வேறு, தனியாகத்தான் பேச வேண்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே தோட்டா, அதே 20 தோட்டா மேகசின், ஏறக்குறைய ஒரே நீளம். எடையும் இரண்டுக்கும் நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கடையில் விற்கும் இரண்டும் விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டுமே சுடும். ஆனால் வாங்கி ஒரு வருடம் வைத்துப் புழங்கினால் இரண்டும் இரு வேறு ஆட்களுக்கான பொருள்கள் என்று புரிந்துவிடும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டெலஸ்கோப் இல்லாமல், குறிபார்க்கும் இரும்பு சைட்டை மட்டும் நம்பி தூரத்துக் குறியைச் சுடுவதுதான் ஆசை என்றால் எம்1ஏ. மற்ற எல்லாவற்றுக்கும் ஃபால். ஏன் என்று சொல்வதற்கு 1950களுக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு நாடே முடிவெடுத்த கதை அங்கே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களின் கையில் இருந்தது எம்1 கேரண்ட். எட்டுத் தோட்டா, தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள். போர் முடிந்ததும் அதற்கு வாரிசு தேடினார்கள். மாசசூசெட்ஸில் இருந்த அரசு ஆயுதச்சாலையான ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி, கேரண்டின் உடம்பையே வளர்த்து, கழற்றக்கூடிய மேகசின் வைத்து டி44 என்ற மாதிரியைக் கொண்டுவந்தது. பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனத்தில் டியூடோனே சைவ் வடிவமைத்த ஃபால், டி48 என்ற பெயரில் போட்டிக்கு வந்தது. சைவ் சாதாரண ஆள் கிடையாது. ஜான் பிரவுனிங் முடிக்காமல் விட்டுப்போன ஹை-பவர் பிஸ்டலை முடித்துக் கொடுத்தவர். ஃபாலை அவர் முதலில் யோசித்தது சிறிய தோட்டாவுக்கு. ஆரம்ப மாதிரிகள் ஜெர்மானிய 7.92 குட்டைத் தோட்டாவிலும், அப்புறம் பிரிட்டிஷ் .280 தோட்டாவிலும் செய்யப்பட்டவை. அமெரிக்கா பெரிய தோட்டாதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றதால், 7.62 நேட்டோவுக்காக ஃபால் உடம்பைப் பெருக்கிக்கொண்டது. இன்று அதை கையில் எடுக்கும்போது 'ஏன் இவ்வளவு நீளம்' என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

தொடக்கச் சோதனைகளில் டி48 முன்னால் நின்றது. டி44 கைவிடப்படும் நிலைக்கே போனது. 1953-54 குளிர்காலத்தில் அலாஸ்காவில் நடந்த சோதனையில் கதை மாறியது. ஸ்பிரிங்ஃபீல்ட் ஆட்கள் தங்கள் ரைஃபிளை உறைகுளிருக்கென்றே முன்கூட்டித் தயார் செய்து அனுப்பியிருந்தார்கள். பெல்ஜியக்காரர்கள் அப்படிச் செய்யவில்லை, டி48 தடுமாறியது. அதைச் சரிசெய்ய, வெடிவாயு உள்பாகங்களைத் தள்ளப் பிரிந்து போகும் கேஸ் துளையைப் பெரிதாக்கினார்கள். பாகங்களின் வேகம் கூடியது, அவை உடையத் தொடங்கின. அதற்குப் பிறகும் இரண்டும் சமம் என்கிற அளவில்தான் இருந்தன. டி44 சுமார் ஒரு பவுண்ட் இலேசு, கேரண்ட் செய்த எந்திரங்களிலேயே இதையும் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை, சொந்த நாட்டு வடிவமைப்பு என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து 1957 மே மாதத்தில் டி44 வென்று எம்14 ஆனது. அந்த எந்திர நம்பிக்கை பொய்த்தது. புதிய எந்திரங்கள் வாங்க வேண்டியதாயிற்று. 1963-ல் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா உற்பத்தியை நிறுத்தச் சொல்ல, 1964-ல் கடைசி எம்14 வெளிவந்தது. மொத்தம் சுமார் 13.8 லட்சம். தோற்ற ஃபாலோ கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பிரேசில், அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, இஸ்ரேல், இந்தியா என்று 90-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. 1982 ஃபாக்லாந்து போரில் இரண்டு பக்கமும் அதையே தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

இதிலிருந்து 'ஃபால்தான் சிறந்தது, அமெரிக்கர்கள் தவறிவிட்டார்கள்' என்று அவசரப்பட வேண்டாம். ராணுவம் பார்ப்பது வேறு: பல லட்சம் எண்ணிக்கை, குளிர், மணல், பயிற்சி இல்லாத கை. ஒரே ஒரு ரைஃபிளை வாங்கி சனிக்கிழமை சுடுதளத்துக்கு எடுத்துப்போகும் உங்களுக்கு அந்தக் கணக்கில் பாதி பொருந்தாது. எம்14 படைவீரர் கையில் குறுகிய காலமே இருந்தது. குறிபார்த்துச் சுடுபவர்கள் கையில் அது பல பத்தாண்டுகள் வாழ்ந்தது. எம்21 என்ற ஸ்னைப்பர் வடிவம் வியட்நாமில் பேர் வாங்கியது, ஆப்கானிஸ்தானில் தொலைதூரத்துக்காகப் பழைய எம்14-களை மறுபடி கிடங்கிலிருந்து எடுத்தார்கள்.

எதையும் ஒப்பிடுவதற்கு முன்னால் சட்டத்தைப் பாருங்கள். பல இடங்களில் முடிவு அங்கேயே முடிந்துவிடும். கலிஃபோர்னியா 1989 முதலே ஃபாலைப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. எம்1ஏ-வில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் பிஸ்டல் கைப்பிடி இல்லை. குழல் முனையில் தீச்சுடர் மறைப்பானுக்குப் பதில் உதையைக் குறைக்கும் பிரேக் வைத்து அங்கே பல வருடங்கள் விற்றார்கள். 1994 முதல் 2004 வரை இருந்த நாடு தழுவிய தடையும் ஃபாலைப் பெயரிட்டது, எம்1ஏ-வைப் பெயரிடவில்லை. மாநிலச் சட்டங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் வாங்கும் வாரத்தில் உங்கள் மாநில விதியைப் படித்துவிட்டுப் போவதுதான் முறை. கனடாவில் இரண்டுமே இப்போது முடியாது; எம்14 வகைகள் 2020 மே மாதத்தில் தடைப்பட்டியலில் சேர்ந்தன. ஆஸ்திரேலியாவில் 1996-ல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். கொலையாளி பயன்படுத்திய ஆயுதங்களில் ஒன்று ஃபாலின் பிரிட்டிஷ் வடிவமான எஸ்.எல்.ஆர். அதற்குப் பிறகு அந்நாடு இவ்வகை ரைஃபிள்களைப் பொதுமக்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. இந்தியாவிலும் தனிநபருக்கு இவை எட்டாதவை. வாங்கும் உரிமை இருக்கும் இடத்திலும், பூட்டிய இரும்புப் பெட்டிக்கான காசை ரைஃபிள் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். பெட்டி இல்லாத வீட்டுக்கு இரண்டில் எதுவும் வேண்டாம்.

சரி, சுடுவதற்கு வருவோம். எம்1ஏ-வின் பின்சைட் ஒரு சிறு துளை. இரு பக்கமும் உள்ள திருகுகளை விரலாலேயே திருப்பினால் 'டிக், டிக்' என்று நகரும். ஒவ்வொரு டிக்குக்கும் 100 கஜத்தில் ஏறத்தாழ ஓர் அங்குலம். காற்றுக்கு ஒரு பக்கம், உயரத்துக்கு ஒரு பக்கம். காற்று மாறினால் தோளிலிருந்து இறக்காமலே இரண்டு டிக் தள்ளி அடுத்ததைச் சுடலாம். பின்சைட்டுக்கும் முன்சைட்டுக்கும் நடுவே சுமார் 68 செ.மீ. இடைவெளி. ஃபாலில் அது 55 செ.மீ. தான். இடைவெளி கூடக்கூட கண்ணின் பிழை குறையும், இது கணக்கு. ஃபாலின் பின்சைட்டில் உயரத்தை மட்டும் 200 முதல் 600 மீட்டர் வரை நகர்த்தி வைக்கலாம். பக்கவாட்டில் மாற்ற ஸ்க்ரூடிரைவர் எடுத்து இரண்டு திருகுகளை ஒன்றைத் தளர்த்தி ஒன்றை முறுக்க வேண்டும். ஒருமுறை சரிசெய்து அப்படியே விட்டுவிடும் சிப்பாய்க்காகச் செய்தது அது. இன்னொரு விஷயம், ஃபாலில் குழல் மேல் பாதியில் இருக்கிறது, பின்சைட் கீழ்ப் பாதியில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் கீல் தேய்ந்து ஆடத் தொடங்கினால் குறியும் ஆடும். இறுக்கமான ஃபால் 100 கஜத்தில் இரண்டு மூன்று அங்குல வட்டத்துக்குள் போடும், அதற்குமேல் பிடுங்குவது கஷ்டம். போட்டிக்கென்றே நன்றாகச் சீர்செய்த மேட்ச் வகை எம்1ஏ ஓர் அங்குலத்தை நெருங்கும். அமெரிக்காவின் சர்வீஸ் ரைஃபிள் போட்டிகளில் எம்1ஏ-வோடு இறங்கலாம். அந்நாட்டு ராணுவத்தில் சேராத ஃபாலுக்கு அங்கே இடமில்லை.

ஆனால் அந்த ஓர் அங்குலத்துக்கு ஒரு விலை இருக்கிறது, விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள். எம்1ஏ-வின் குறி, இரும்புப் பாகம் மரக்கட்டைக்குள் எவ்வளவு இறுக்கமாக, ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. மேட்ச் ரைஃபிளில் அந்த இடத்தை எபாக்ஸி ஊற்றி வார்த்திருப்பார்கள். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் அது கொஞ்சம் தேயும். அதனால் போட்டியாளர்கள் வருடத்துக்கு ஓரிரு முறைக்கு மேல் கழற்றவே மாட்டார்கள். மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். வியட்நாமில் இதனால் குறி நகர்ந்து, கண்ணாடியிழைக் கட்டைக்கு மாறினார்கள். ஹூஸ்டன், மயாமி மாதிரி புழுக்கமான ஊரில் இருப்பவர் மரக்கட்டையின் அழகில் மயங்காமல் இருப்பது நல்லது. குழலைச் சுத்தம் செய்வதிலும் சிக்கல். குழல் பொருந்தும் உடற்பகுதியான ரிசீவரின் பின்புறம் அடைபட்டிருப்பதால் கம்பியை முன்முனை வழியாகத்தான் விட வேண்டும். தோட்டா கடைசியாகத் தொட்டுப் போகும் அந்த விளிம்பு கம்பி உரசித் தேய்ந்தால் துல்லியம் போச்சு. வழிகாட்டிக் குழாய் இல்லாமல் செய்யவே கூடாது.

ஃபாலில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பக்கத்திலுள்ள நெம்புகோலைத் தள்ளினால் வேட்டைத் துப்பாக்கி மடிவதுபோல் நடுவில் மடிந்து திறக்கும். மேல்மூடியை உருவினால், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் கையோடு வந்துவிடும். கம்பியைப் பின்புறத்திலிருந்தே நேராக விடலாம். எந்தக் கருவியும் வேண்டாம். நூறு முறை கழற்றினாலும் குறி மாறாது, ஏனென்றால் குழலைக் கட்டை தாங்கிப் பிடிக்கவில்லை. தன் ஆயுதத்தைத் தானே பராமரிக்க விரும்புகிறவருக்கு இதைவிடத் தெளிவான வடிவமைப்பு அந்தக் காலத்தில் வரவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது கேஸ் ரெகுலேட்டர். தோட்டா குழலில் போகும்போது வாயுவில் ஒரு பகுதி பிரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. அதில் எவ்வளவு பிஸ்டனுக்கு, எவ்வளவு வெளியே என்று நீங்களே ஒரு வளையத்தைத் திருகி முடிவு செய்யலாம். முழுதாகத் திறந்து வைத்து, மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுட வேண்டும். போல்ட் பின்னால் போய்த் திறந்தபடி நிற்காது. ஒரு படி மூடி, மறுபடி ஒன்று. எந்தப் படியில் போல்ட் தவறாமல் திறந்து நிற்கிறதோ, அங்கிருந்து இன்னும் இரண்டு படி மூடினால் முடிந்தது. உங்கள் ரைஃபிள், உங்கள் தோட்டா, இரண்டுக்கும் பொருந்துகிற மிகக் குறைந்த வேகம் அது. தோளில் உதை குறையும், பாகம் நீண்டநாள் உழைக்கும். அழுக்கு ஏறினால் இன்னொரு படி. எம்1ஏ-வில் இந்த வேலையைப் பிஸ்டனே தானாகச் செய்துகொள்கிறது. தேவையான வாயு வந்ததும் வழி அடைபடும். கவலை இல்லாத ஏற்பாடுதான். ஆனால் அது சரியாக வேலை செய்ய ராணுவத் தோட்டாவுக்கு நெருக்கமான அழுத்தத்தில் சுட வேண்டும், வேட்டைக்கென்று வரும் கனமான குண்டு, மெதுவாக எரியும் மருந்து எல்லாம் பிஸ்டனின் தள்ளலை போல்ட்டுக்குக் கொண்டுபோகும் அதன் நீண்ட ஆபரேட்டிங் ராடைச் சிரமப்படுத்தும்.

பாதுகாப்பில் ஒரு வித்தியாசம் முக்கியம். எம்1ஏ-வின் சுடும் ஊசி வில் இல்லாமல் தளர்வாக மிதக்கிறது. போல்ட் வேகமாக மூடும்போது அது தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரை லேசாகத் தட்டவே செய்யும். பிரைமர் மென்மையாக இருந்தால், போல்ட் முழுதாகப் பூட்டுவதற்கு முன்பே வெடிக்க வாய்ப்புண்டு. ராணுவத் தோட்டாக்களில் கடினமான பிரைமர் வைப்பதன் காரணம் இதுதான். சொந்தமாகத் தோட்டா நிரப்புகிறவர்கள் இதை மறக்கவே கூடாது, தனித் தோட்டாவைக் கையால் அறைக்குள் போட்டு போல்ட்டை அறைய விடவும் கூடாது. ஃபாலின் ஊசிக்குத் தனி வில் இருக்கிறது, ஆபத்து அந்த அளவுக்கு இல்லை.

ஃபாலின் குறைகளையும் சொல்ல வேண்டும். இஸ்ரேலின் மணலில் அது அடிக்கடி அடைத்துக்கொண்டது. பிரிட்டிஷார் போல்ட்டைச் சுமக்கும் பாகத்தில் மணல் ஒதுங்கச் சாய்வான பள்ளங்கள் வெட்டினார்கள். நீளம் ஒரு தொந்தரவு. நம் ஊரில் கருவூல வாசலிலும் வங்கியிலும் போலீஸ்காரர் தோளில் தொங்கும் எஸ்.எல்.ஆர் இதே குடும்பம்தான். 1962 சீனப் போரில் பழைய .303 ரைஃபிளோடு நின்ற அனுபவத்துக்குப் பின், மேற்கு வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் 1ஏ1 என்ற பெயரில் செய்தார்கள். 1987-ல் அமைதிப்படை இதைத் தூக்கிக்கொண்டுதான் இலங்கைக்குப் போனது. யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் வன்னிக் காடுகளிலும் ஏகே வகைக்கு எதிரே அது எவ்வளவு நீளம், எவ்வளவு மெதுவு என்பதை அந்தப் படை அனுபவித்துத் தெரிந்துகொண்டது. எம்14 வியட்நாம் காட்டில் பட்டபாடும் அதேதான். நெருக்கமான இடத்துக்கான ரைஃபிள் இரண்டில் எதுவும் இல்லை. வீட்டுப் பாதுகாப்புக்கு என்று யாராவது இவற்றில் ஒன்றைக் கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். இந்தத் தோட்டா சுவர்களைத் துளைத்து அடுத்த வீட்டுக்குப் போகும்.

இடதுகைக்காரர்கள் எம்1ஏ பக்கம் சாய்வது நியாயம். அதன் சேஃப்டி விசைவளையத்தின் முன்பகுதியில், இரு பக்கமும் சாயாமல் நடுவாக இருக்கிறது, எந்த விரலுக்கும் எட்டும். ஃபாலில் சேஃப்டியும் இழுக்கும் கைப்பிடியும் இடப்பக்கம், வலதுகைக்காரருக்கு வாகாக வைத்தவை. வலதுகைக்காரர் ஃபாலில் பிடியை விடாமலே எல்லாம் செய்யலாம்.

டெலஸ்கோப் மாட்டுவது இரண்டிலும் பின்யோசனைதான். எம்1ஏ-வில் ரிசீவரின் பக்கவாட்டில் திருகும் தாங்கி, சுடச்சுடத் தளரும். மூன்று இடத்தில் பிடிக்கும் வகை பரவாயில்லை. ஃபாலில் தகர மேல்மூடியைக் கழற்றி, தடிமனான மூடியோடு வரும் தாங்கியை நுழைக்க வேண்டும். டெலஸ்கோப்தான் முக்கியம் என்றால் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, இதே தோட்டாவைச் சுடும் ஏஆர்-10 வகை ரைஃபிளுக்குப் போகலாம்.

அடுத்து, யார் செய்தது என்ற கேள்வி. அசல் எம்14-ம் ராணுவ ஃபாலும் தொடர்ந்து சுடக்கூடியவை என்பதால் அமெரிக்கச் சட்டம் அவற்றின் ரிசீவரை இயந்திரத் துப்பாக்கியாகவே பார்க்கும். ஆகவே கடையில் இருப்பது புதிய ரிசீவர். எம்1ஏ செய்யும் இல்லினாய் மாநில ஸ்பிரிங்ஃபீல்ட் ஆர்மரி நிறுவனத்துக்கும் 1968-ல் மூடப்பட்ட அரசு ஆயுதச்சாலைக்கும் பெயர் மட்டும்தான் பொது. அசல் ரிசீவர் காய்ச்சி அடித்த எஃகு, இவர்களுடையது வார்ப்பு. சாதாரண உபயோகத்துக்கு வார்ப்பு போதும். அடித்த எஃகுதான் வேண்டும் என்றால் எல்ஆர்பி மாதிரி சிறு நிறுவனங்களுக்கு அதிகம் கொடுக்க வேண்டும். எம்1ஏ-வில் உள்ள பெரிய நிம்மதி இது: புதிதாக, ஒரே தொழிற்சாலையிலிருந்து, உத்தரவாதத்தோடு வருகிறது.

ஃபாலில் அந்த நிம்மதி ஒரே வழியில் கிடைக்கும். இல்லினாயின் டிஎஸ் ஆர்ம்ஸ் செய்யும் எஸ்ஏ58. மற்றபடி சந்தையில் உலவுபவை பெரும்பாலும் பல நாட்டு ராணுவங்கள் கழித்த பாகங்களைப் புது ரிசீவரில் பூட்டியவை. பூட்டியவர் கைவண்ணம்தான் ரைஃபிளின் தரம். பிரேசிலின் இம்பெல் செய்த ரிசீவர், ஆஸ்திரிய ராணுவத்தின் ஃபாலான எஸ்டிஜி58-ன் பாகங்கள் என்று இருந்தால் நம்பி அருகில் போகலாம். மீட்டர் அளவா, அங்குல அளவா என்று கேளுங்கள். பிரிட்டிஷ் வழி வந்தவை அங்குல அளவு. அந்த மேகசின் மீட்டர் அளவு ரைஃபிளில் ஏறாது. இறக்குமதிப் பாகங்களிலிருந்து பூட்டிய ரைஃபிளில், சட்டப் பட்டியலிலுள்ள 20 பாகங்களில் 10-க்கு மேல் வெளிநாட்டுப் பாகம் இருக்கக் கூடாது. விற்பவரிடம் எது எது அமெரிக்கப் பாகம் என்று எழுதி வாங்குங்கள். மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள்.

புதிதாக என்றால் இரண்டும் சுமார் 2000 டாலரைச் சுற்றி நிற்கும், ஃபால் கொஞ்சம் ஏறலாம். பழையதாக வாங்கும்போது எம்1ஏ-வில் மீள்வில்லைக் கழற்றிவிட்டு ரைஃபிளைச் சாய்த்துப் பிடித்தால் ஆபரேட்டிங் ராட் எங்கும் சிக்காமல் தன் எடையிலேயே வழுக்க வேண்டும். சிக்கினால் ராட் வளைந்திருக்கிறது, அதை மாற்றும் செலவு சிறியது இல்லை. ஃபாலில் மூடிய நிலையில் இரு பாதிகளையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், லேசான ஆட்டம்கூடக் கூடாது. அப்புறம் பூட்டிய போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கும் ஹெட்ஸ்பேஸ் அளவுகோலை அறைக்குள் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். இது தப்பினாலும் ஃபாலில் பயம் வேண்டாம்: போல்ட் சாய்ந்து உட்காரும் பூட்டுக்கட்டை நுண்ணிய அளவு வித்தியாசங்களில் கிடைக்கிறது, துப்பாக்கி மெக்கானிக் சரியான அளவை மாற்றிக் கொடுத்துவிடுவார். அந்தக் கூலியை விலையில் குறைத்துக் கேளுங்கள்.